மலையில் மழை வந்தால் ‘திரும்பலாம்’ என்று யார் சொல்வது?

மாதம் ஒரு முறை மலையேறப் போகும் எங்கள் நண்பர் குழுவில் பெயர் எழுதுவது என் வேலை. யார் வருகிறார்கள், யார் காரில் யார், அனுமதிக்கு அடையாள அட்டை எண் கொடுத்தாயிற்றா, வழிகாட்டிக்கு ஆளுக்கு எத்தனை வெள்ளி என்பதையெல்லாம் ஆறு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு புலனத்தில் தவறாமல் ஒரு கேள்வி வந்து விழும்: “நாளைக்கு மழை வருமா?” நான் பதில் எழுதுவதற்குள் வேறு யாராவது எழுதிவிடுவார்கள்: “வந்தா என்ன? நாம என்ன சீனியா, கரைஞ்சு போறதுக்கு?”

நனைவதைப் பற்றி எனக்கும் கவலை இல்லை. மழைக்குப் பயந்தால் நம் நாட்டில் வருடத்தில் பாதி நாள் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். மழை மலைக்குள் செய்யும் மற்ற வேலைகள்தான் கவலை. அதைவிடப் பெரிய கவலை, அந்த நேரத்தில் ‘போதும், திரும்பலாம்’ என்று யார் வாயைத் திறப்பது என்பது.

குனோங் நுவாங்கையே எடுத்துக்கொள்வோம். சிலாங்கூரின் உயரமான சிகரங்களில் ஒன்று, 1,493 மீட்டர். உலு லங்காட்டில் பங்சூனிலிருந்து ஏறும் பாதை நம்மவர்களில் பலருக்கும் பழக்கமானது. முதலில் முடிவே இல்லாதது போல் நீளும் மண்சாலை. அது முடியும் இடத்தில், ஆற்றோரமாக, கெம் லோலோ. ஆற்றைக் கடந்த பிறகுதான் உண்மையான ஏற்றம் தொடங்கும். அட்டைகளின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் கெம் பாச்சாட் வந்து சேர்வதற்குள் சட்டை பிழிந்தெடுக்கலாம் போல் ஆகிவிடும், மழை இல்லாமலேயே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பதினொரு பேர் போயிருந்தோம். வழிகாட்டி ஐம்பதைத் தாண்டிய மலாய்க்காரர். அபாங் என்றுதான் கூப்பிடுவோம். கெம் லோலோவில் நாங்கள் நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துப் பசியாறிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் ஆற்றங்கரையில் குந்தியிருந்தார். ஒரு குச்சியை நீர் தொடும் விளிம்பில் ஊன்றி வைத்துவிட்டு, தன் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். வானம் தெளிவாக இருந்தது. கால் மணி நேரத்தில் குச்சி தண்ணீருக்குள் நின்றது. தெளிந்த நீர் மெல்ல தே தாரிக் நிறத்துக்கு மாறத் தொடங்கியது. காய்ந்த சருகுகளுக்கு நடுவே, அப்போதுதான் பிய்ந்தது போன்ற பச்சை இலைகளும் மிதந்து வந்தன.

“பாலேக்” என்றார். திரும்பிப் போகலாம், அவ்வளவுதான்.

எங்களில் இருவருக்கு மனம் ஒப்பவில்லை. தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லையே என்றார்கள். அபாங் கோபப்படவில்லை. “இப்போது முழங்காலுக்குக் கீழே. சாயந்திரம் திரும்பி வரும்போது?” என்று கேட்டார்.

மலையில் மழையைப் பற்றி நான் கேட்டதிலேயே பயனுள்ள கேள்வி அதுதான். காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கடந்த ஓடை, மாலையில் வீட்டுக்கும் நமக்கும் நடுவே வந்து நிற்கும். அப்போது கால்கள் களைத்திருக்கும், வெளிச்சம் குறைந்துகொண்டிருக்கும், மறுகரையில் கார் நிற்கும். எப்படியாவது கடந்துவிடலாம் என்று தோன்றும் நேரம் அதுதான். மேடான இடத்தில் ஏறிக் காத்திருப்பவர்களை ஆறு ஒன்றும் செய்யாது. வேகமாக ஏறும் மலையோடை, மேலே மழை ஓய்ந்தால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்தும்விடும். ஆனால் காத்திருக்க ஒரு டார்ச்சும் கொஞ்சம் சாப்பாடும் காய்ந்த சட்டையும் வேண்டும். பகல்நேர நடைதானே என்று அதையெல்லாம் காரிலேயே விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

மலாயில் இந்தத் திடீர்ப் பெருக்கைக் கெபாலா ஆயர் என்பார்கள், நீரின் தலை. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையின் மேல்பகுதியில் மழை கொட்டியிருக்கும். சில சமயம் விழுந்த மரங்களும் கிளைகளும் ஓடையை அடைத்து, பின்னால் நீர் தேங்கி, அந்த அடைப்பு உடைந்தவுடன் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் இறங்கும். 2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவின் குனோங் ஜெராயிலிருந்து மரங்களும் பாறைகளும் சேறுமாக யான் வட்டாரத்தில் வந்து இறங்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். உயிர்கள் போயின. வடகிழக்குப் பருவமழை தொடங்க அப்போது இன்னும் மாதங்கள் இருந்தன. பழங்காலத்தில் கடாரத்துக்கு வந்த மரக்கலங்களுக்குத் தூரத்திலேயே கரையைக் காட்டிய மலை அது. கடலில் வந்தவர்களுக்கு வழிகாட்டிய அதே உயரம்தான் மேகத்தையும் பிடித்து நிறுத்துகிறது.

இது மலையேறுபவர்களுக்கு மட்டும் உள்ள ஆபத்தும் அல்ல. சுங்கை கபாய், சுங்கை சொங்காக் என்று பாயும் கோழிக்கறியுமாகப் போகும் குடும்பங்கள் நிற்பதும் மலையிலிருந்து இறங்கும் நீரில்தான். நீர் கலங்குகிறதா, இலையும் சுள்ளியும் திடீரென்று கூடுகின்றனவா, மேலிருந்து இரைச்சல் கேட்கிறதா என்று கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சந்தேகம் வந்தால் முதலில் பிள்ளைகளைத் தூக்க வேண்டும். பாயும் சட்டியும் போனால் போகட்டும்.

குளிரைப் பற்றிச் சொன்னால் நம்மவர்கள் நம்புவதில்லை. மலேசியாவில் குளிரா என்பார்கள். நூறு மீட்டர் ஏற ஏற வெப்பம் அரைப் பாகைக்குச் சற்று மேல் குறையும். அதுவே பெரிய விஷயமில்லை. ஆனால் நனைந்த பருத்திச் சட்டை, முகட்டில் காற்று, வெறும் வயிறு, களைத்த உடம்பு நான்கும் சேர்ந்தால், உடல் தன் சூட்டைக் காக்க முடியாமல் போகும். நடுக்கம் வரும். பிறகு விரல்கள் பொத்தானைப் போட மறுக்கும், பேச்சு குழறும், நடை தடுமாறும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால், தேறிவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. அது இன்னும் மோசமான கட்டம். அந்த நிலையில் இருப்பவரால் தன் நிலையைச் சொல்லவும் முடியாது. பக்கத்தில் நடப்பவர்தான் பார்க்க வேண்டும்.

இடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது விநாடிகூட இல்லையென்றால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டிலும் உச்சிப் பாறையிலும் நிற்கும் நேரம் அதுவல்ல. உச்சிப் படம் எடுத்துவிட்டு இறங்கலாம் என்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டுவிடுவேன்.

இனி பொறுப்புக்கு வருவோம். நிரந்தர வனக் காப்பகங்களுக்குள் போக வன இலாகாவின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் நுழைவது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். பல மலைகளுக்கு மாலிம் குனோங் எனப்படும் அனுமதி பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். இவையெல்லாம் தேவையான ஏற்பாடுகள்தான். ஆனால் அனுமதிச் சீட்டில் பதினொரு பெயர் இருக்கிறது என்பதால் பதினொரு பேரும் ஒன்றாக நடப்பார்கள் என்று அர்த்தமில்லை.

1994இல் கினபாலு மலையின் லோஸ் பள்ளத்தாக்கில் இறங்கிய பிரிட்டிஷ் ராணுவப் பயணக் குழுவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பத்துப் பேர், அவர்களில் மூவர் ஹாங்காங் வீரர்கள். வேகமானவர்கள் முன்னாலும் மற்றவர்கள் பின்னாலுமாகக் குழு இரண்டாகப் பிரிந்தது. முன்னால் போன ஐவர் பெரும் பாடுபட்டுக் காட்டிலிருந்து வெளியேறினர். குழுத் தலைவர்கள் இருவரும் மூன்று ஹாங்காங் வீரர்களும் மழையிலும் பெருகிய அருவிகளிலும் மேலே ஏறவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் வாரக்கணக்கில் சிக்கிக் கிடந்தனர். மார்ச் மாத இறுதியில்தான் மீட்புக் குழுவின் ஹெலிகாப்டர் அவர்களைக் கண்டது. பத்துப் பேரும் உயிர் பிழைத்தது பெரும் அதிர்ஷ்டம். பயிற்சி பெற்ற ராணுவத்தினருக்கே இந்தக் கதி என்றால், திங்கள் முதல் வெள்ளி வரை கணினி முன் உட்கார்ந்திருக்கும் நமக்கு என்ன சொல்ல? எங்கள் குழுவில் மெதுவாக நடப்பவர்தான் முன்னால் நடப்பார். வேகமாக நடப்பவர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காதவர்கள் வேறு குழுவோடு போகலாம் என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு பேர் போயும் இருக்கிறார்கள்.

அதே கினபாலுவில் இன்று ஏறுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முதல் நாள் பனலாபானில் தங்கி, மறுநாள் விடியற்காலை இரண்டு, இரண்டரைக்கு உச்சிக்குக் கிளம்புவார்கள். சாயாட்-சாயாட் சோதனைச் சாவடிக்கு மேலே வெறும் கருங்கல் சரிவு. கனமழையில் அதில் தண்ணீர் வழிந்தோடும் என்பதால் வழிகாட்டிகள் விடமாட்டார்கள். நாங்கள் போனபோது கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து இடம் பிடித்தவர்கள், சிங்கப்பூரிலிருந்து விடுப்பெடுத்து விமானம் ஏறி வந்தவர்கள், எல்லாரும் நெற்றி விளக்கோடு கதவருகே நின்றோம். ஒருவர் கூடுதல் பணம் தருவதாகக்கூடப் பேசிப் பார்த்தார். வழிகாட்டி தலையாட்டவில்லை. நாலு மணிக்குப் பிறகு போய்ப் படுத்தோம். எனக்கும் ஏமாற்றம்தான். ஆனாலும் அந்தப் பயணத்தில் பணமோ விடுப்போ போடாத ஒருவர் கையில் முடிவு இருந்தது நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பக்கத்துக் குன்றுகளில் அப்படிச் சாவடி கிடையாது. ஆளைச் சேர்த்தவரே சாவடியாக நிற்க வேண்டும். அதனால் நான் சில முடிவுகளை வீட்டிலேயே, காய்ந்த சட்டையோடு இருக்கும்போதே எடுத்துவிடுகிறேன். இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று முதல் நாளே எழுதிவிடுவேன். பிற்பகல் இடிமழை நம் மலைகளின் வழக்கம் என்பதால் அது பெரும்பாலும் நண்பகலாகத்தான் இருக்கும். மெட்மலேசியாவின் எச்சரிக்கையை முதல் நாள் இரவும் புறப்படும்போதும் பார்ப்பேன். மலைக்கு வராத ஒருவரிடம், எங்கள் விஷயத்தில் அது என் அக்கா, பாதையும் நேரமும் எழுதிக் கொடுத்திருப்பேன். இருட்டியும் என் அழைப்பு வரவில்லையென்றால் அவர் 999க்கு அழைக்க வேண்டும். அழைத்தால் வருபவர்கள் தீயணைப்பு மீட்புப் படையினர். அதே மழையில், அதே வழுக்குப் பாதையில், இருட்டில். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

இவற்றோடு இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. யார் வேண்டுமானாலும் ‘திரும்பலாம்’ என்று சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது, பிறகு கேலியும் செய்யக் கூடாது. எழுதுவதற்கு எளிது, நடைமுறையில் கடினம். பத்துப் பேர் உற்சாகத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது, முக்கியமாகப் புதியவர்களுக்கு.

போன மாதம் ரெம்பாவில் குனோங் டத்தோ ஏறினோம். உச்சிப் பாறைகளுக்கு ஏணி வைத்திருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மேற்கே வானம் கறுத்திருந்தது. எங்களோடு இரண்டாவது முறையாக வந்திருந்த ஓர் இளம்பெண், வங்கியில் வேலை செய்கிறாள், என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, எனக்கு இது சரியாப் படல. இறங்கிடலாமா?”

இறங்கினோம். அன்று மாலை வரை ஒரு துளிகூட விழவில்லை. ரெம்பாவில் செண்டோல் குடித்துவிட்டு வீடு வந்தோம். காரில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இந்த மாதப் பட்டியலுக்கு முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான்.