கையெழுத்துப் போட்டால் மட்டும் பையன் திருந்திடுவானா?

தோழர்களே, தோட்டத்துப் பிள்ளை ஒருவன் போலீசில் மாட்டிக்கொண்டால் லயத்தில் உடனே வரும் பேச்சு, “அவ்வளவுதான், அவன் உருப்பட மாட்டான்” என்பது. அந்தப் பேச்சு சரியில்லை. சட்டமே அப்படிச் சொல்லவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஜார்ஜ்டவுன் கோர்ட்டுக்கு ஒரு தகப்பனோடு போனேன். நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்காரர். பதினாறு வயது மகனும் அவன் கூட்டாளியும் திருட்டு மோட்டார் சைக்கிளில் போய்ப் பினாங்குத் தீவில் பிடிபட்டார்கள். பெயர் எழுத மாட்டேன். பிள்ளைகள் வழக்கில் பெயரோ படமோ பத்திரிகையில் வரக்கூடாது என்பது சட்டம்.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி சிறார் நீதிமன்றத்தில் விசாரிக்கிறார்கள். மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் உறுதியானாலும் உடனே தண்டனை கிடையாது. சமூகநல இலாகாவின் நன்னடத்தை அதிகாரி, மலாயில் ‘பெகாவாய் அக்லாக்’, முதலில் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். பையனின் நடத்தை, வீட்டுச் சூழ்நிலை, பள்ளிக்கூட விவரம், உடல்நிலை எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் கோர்ட் முடிவு செய்யும். நன்னடத்தைக் கண்காணிப்பு என்று உத்தரவானால் ஒரு வருஷத்துக்குக் குறையாமல், மூன்று வருஷத்துக்கு மேற்படாமல் பையன் வீட்டிலிருந்தபடியே அந்த அதிகாரியின் பார்வையில் இருப்பான். மீறினால் மறுபடியும் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்.

அந்த அறிக்கைக்காக அதிகாரியம்மா தோட்டத்துக்கு வந்த அன்று தகப்பனார் வெட்கப்பட்டு வீட்டைப் பூட்டிவிட்டுத் தீம்பாருக்குள் போய்விட்டார்! இரண்டாவது தடவை நான் கூட இருந்தேன். “எம்பிள்ள தங்கம் டீச்சர், ஒரு கொறையும் இல்ல” என்று ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டேன். “அண்ணே, உண்மையச் சொல்லுங்க. பையன் எட்டு மாசமா பள்ளிக்கூடம் போகல. நீங்க சாயந்திரம் குடிக்கிறீங்க. அதச் சொன்னாத்தான் அவங்க உதவி செய்ய முடியும்” என்றேன். அவர் தலை குனிந்தார். அந்தம்மாள் மலாயில் கேட்டதையெல்லாம் நான் தமிழில் சொன்னேன். தாயார்தான் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார்.

இரண்டு பையன்களுக்கும் இரண்டு வருஷம் கண்காணிப்பு. தகப்பனார் அலைந்தால் பேர் போகும், ஒரு நாள் சம்பளம் போகும். நிலைமையை எடுத்துச் சொன்னோம். வீட்டுக்கு வருவதானால் வேலை முடிந்த பிறகு வருவதாக அதிகாரியம்மா ஒத்துக்கொண்டார். பையனுக்கு மோட்டார் சைக்கிள் மேல் ஆசை என்று தெரிந்து, அதைப் பழுது பார்க்கும் வேலை கற்க வழி காட்டினார். இன்று அவன் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான்.

அந்தக் கூட்டாளி? அவனும் மாதாமாதம் கையெழுத்துப் போட்டான். ஒரு தவறும் இல்லாமல் இரண்டு வருஷத்தை முடித்தான். ஆனால் பள்ளிக்கூடமும் இல்லை, வேலையும் இல்லை, அதே சகவாசம். முடிந்து ஒரு வருஷத்துக்குள் மறுபடியும் பிடிபட்டான். அவன் வீடு இரண்டு லயம் தள்ளித்தான். நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அது என் மனசில் இன்னும் உறுத்துகிறது.

கணக்குப் புத்தகத்தில் இருவருமே ‘நல்லபடியாக முடித்தவர்கள்’. இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். எத்தனை மரம் வெட்டினோம் என்று மட்டும் கிராணி எழுதினால் போதுமா? பால் எடை என்ன என்று பார்க்க வேண்டாமா? கண்காணிப்பு பலன் தந்ததா என்று அறிய, முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்தும் பையன் எங்கே இருக்கிறான் என்று பார்க்க வேண்டும். படிக்கிறானா, வேலை உண்டா, மறுபடியும் கோர்ட் ஏறினானா?

இன்னொன்று. ஜெயிலுக்குப் போனவர்களைவிடக் கண்காணிப்பில் இருந்தவர்கள் மறுபடி தப்புச் செய்வது குறைவு என்று சொன்னால், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இளமரத் தீம்பாரில் பால் கூடுதலாக வரும், கிழமரத்தில் குறையும். வெட்டுகிறவன் கையை மட்டும் வைத்து எடை போட முடியுமா? சின்னக் குற்றம் செய்தவர்களைத்தான் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரே மாதிரிக் குற்றம் செய்தவர்களை ஒப்பிட்டால்தான் நியாயமான கணக்கு. ஓர் அதிகாரி கையில் எத்தனை பிள்ளைகள் என்பதையும் கேட்க வேண்டும். பெயரையே நினைவில் வைக்க முடியாத அளவுக்குக் கட்டுக் கட்டாகக் கோப்பு இருந்தால், எவ்வளவு நல்லவரானாலும் கையெழுத்துத்தான் வாங்க முடியும்.

இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தவர் யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு தொழிலாளி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சப்பாத்து தைத்த ஜான் அகஸ்டஸ். 1841-இல் குடிகாரன் ஒருவனைக் கோர்ட்டில் ஜாமீனில் எடுத்துத் திருத்திக் காட்டினார். சாகும் வரை கிட்டத்தட்ட 2,000 பேருக்கு ஜாமீன் நின்றார். 1907-இல் இங்கிலாந்து இதைச் சட்டமாக்கியபோது, புத்தி சொல்வது, உதவுவது, நண்பனாக இருப்பது என்று அதிகாரியின் கடமையை வகுத்தது. கையெழுத்து வாங்குவது மட்டும் கடமை என்று சொல்லவில்லை.

பெரியவர்களுக்கும் ஜெயிலுக்குப் பதிலாக ஒரு வழி உண்டு. 1954-ஆம் ஆண்டுக் கட்டாய வருகைச் சட்டப்படி, நாளொன்றுக்கு நாலு மணி நேரத்துக்கு மேற்படாமல், மூன்று மாதம் வரை வேலை செய்து கழிக்கலாம். இதைச் சிறைச்சாலை இலாகா பார்க்கிறது. ஜெயிலுக்குப் போகாமல் வேலையையும் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளலாம். வழக்கு வந்தால் வக்கீலிடம் இதைக் கேளுங்கள்.

பெற்றோருக்குச் சொல்கிறேன்: அதிகாரி வந்தால் ஒளியாதீர்கள், உண்மையை மறைக்காதீர்கள். மலாய் சரியாக வராவிட்டால் மொழிபெயர்க்க ஆள் வையுங்கள். பள்ளிச் சான்றிதழ், மருத்துவச் சீட்டு இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். நிபந்தனைகளை விளங்கும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். “நான் பேசி முடிச்சுத் தர்றேன்” என்று காசு கேட்கும் புரோக்கரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

கிளைத் தலைவர்களே, சம்பளத்துக்குப் பேசும் வாயால் இதையும் பேசுங்கள். உங்கள் தோட்டத்தில் கண்காணிப்பில் ஒரு பிள்ளை இருந்தால், மாதம் ஒரு தடவை அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். இரண்டு லயம் தள்ளி இருந்தாலும் போங்கள். நான் போகாமல் விட்டதுபோல் நீங்கள் விட்டுவிடாதீர்கள்.