முப்புரிக் கயிறும் மனித மாண்பும்

ஆட்டுக்கால் சூப்பைக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்திருந்தால், காலையில் அது பாகுபோல் உறைந்திருப்பதை நம் இல்லத் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். மீன் தலையும் தோலும் இட்டுக் கொதிக்க வைத்த குழம்பும் அவ்வாறே கெட்டிப்படுகிறது. உறைந்தது கொழுப்பு மட்டும் அன்று. எலும்பிலும் தோலிலும் தசைநாணிலும் இருந்து கரைந்து வந்த ஒரு புரதமே அங்கு உறைந்து நிற்கிறது. அதன் பெயர் கொல்லாஜன்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் செங்கற்களை அடுக்கி விட்டால் மட்டும் சுவர் ஆகிவிடுமா? இடையில் சாந்து வேண்டும் அன்றோ? உயிரணுக்களுக்கு இடையே நிரம்பி, அவற்றைத் தாங்கிப் பிணைக்கும் சாந்தாகக் கொல்லாஜன், லேமினின், ஃபைப்ரோநெக்டின் முதலிய புரதங்களை இறைவன் அமைத்திருக்கிறார். உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொல்லாஜனே. உயிரணுக்களுள் பெரும்பாலானவை பற்றி நிற்க இடமின்றிப் போனால் மடிந்துவிடும். எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட காட்சியில், உலர்ந்த எலும்புகள் முதலில் ஒன்றோடொன்று சேர்ந்து, பின் நரம்பும் தசையும் தோலும் பெற்று, அதன் பிறகே உயிர் மூச்சைப் பெறுகின்றன. பிணைப்பு இன்றி உடல் இல்லை என்பதை அக்காட்சி நமக்கு நினைவூட்டுகிறது.

இந்தப் பிணைப்புத் தளர்ந்தால் என்ன ஆகும்? பழங்காலக் கப்பலோட்டிகள் இதற்குச் சான்று. பல மாதங்கள் காய்கனி இன்றிக் கடலில் வாழ்ந்த அவர்களுக்கு ஈறுகளில் இரத்தம் கசிந்தது. ஆறிய புண்கள்கூட மீண்டும் திறந்துகொண்டன. கொல்லாஜனை உறுதியாக முறுக்குவதற்கு வைட்டமின் ‘சி’ தேவை. அது கிடைக்காமையே இந்த ஸ்கர்வி நோய்க்குக் காரணம். ஆரஞ்சும் எலுமிச்சையும் இதைக் குணப்படுத்தும் என்பதை 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் சோதித்துக் காட்டினார். நம் நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இச்சத்து நிறைய உண்டு.

கொல்லாஜனின் வடிவத்தை உலகுக்குக் காட்டிய பெருமை சென்னைக்கு உரியது. எர்ணாகுளத்தில் 1922ஆம் ஆண்டு பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், சேசு சபைக் குருக்கள் நடத்தும் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பின்னர்ப் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்தார். கேம்பிரிட்ஜ் சென்று திரும்பி, 1952ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கிடைத்த படங்களைக் கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்தார். கொல்லாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு என்று இருவரும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். நுண்ணிய கூறுகளில் பிற அறிஞர்கள் திருத்தம் கூறினாலும், முப்புரி அமைப்பு என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. சபை உரையாளர் நூலில் ஞானி முப்புரிக் கயிற்றின் உறுதியைப் போற்றுவதை நாம் அறிவோம். அத்தகைய கயிறு நம் ஒவ்வொருவர் மேனியிலும் ஓடுகிறது.

இன்று ஆய்வுக்கூடங்களில் மனித உயிரணுக்களைத் தட்டுகளில் வளர்த்து, நோய்களையும் மருந்துகளையும் சோதிக்கிறார்கள். அவ்வுயிரணுக்களுள் சில ஒட்டி நிற்க, தட்டின் அடியில் இத்தகைய புரதத்தைப் பூச வேண்டும். மாட்டுத் தோலிலிருந்தும், எலியின் வாலிலிருந்தும், ஏன், எலிக்கு வந்த ஒருவகைக் கட்டியிலிருந்தும்கூட இதை எடுத்து வந்தனர். ஆனால் அவை மனிதப் புரதங்கள் அல்ல. விலங்கின் நோய்க்கிருமிகள் கலந்துவிடும் அபாயமும் உண்டு. எனவே, மனிதப் புரதத்தைச் செய்வதற்கான மரபணுவின் படியை ஈஸ்ட், பாக்டீரியா போன்ற சிற்றுயிர்களில் புகுத்தி, அவற்றையே அப்புரதத்தைச் செய்ய வைக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. நீரிழிவு நோயாளிகளுக்கான மனித இன்சுலின் இம்முறையில் உருவாகி, 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதக் கொல்லாஜனை ஈஸ்டிலும் செய்கிறார்கள். புகையிலைச் செடியிலும் செய்கிறார்கள். நுரையீரலைக் கெடுக்கும் புகையிலை, புண்ணை ஆற்றும் ஆய்வுக்குத் துணை நிற்பது வியப்புக்குரியது!

‘மனிதப் புரதம்’ என்ற சொல்லைக் கேட்டதும், எந்த மனிதரிடமிருந்து எடுத்தார்கள் என்று நம் மக்கள் அஞ்சுவது இயல்பே. ஈஸ்டிலோ செடியிலோ செய்யப்படும் புரதத்துக்காக எந்த மனித உடலும் அறுக்கப்படுவதில்லை. ஆயினும் அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மடிப்பும் முறுக்கும் சரியாக அமைய வேண்டிய சில புரதங்களை, லேமினினின் சில வகைகள் உட்பட, மனித உயிரணுக்களிலேயே செய்கிறார்கள். அதற்குப் பெரிதும் பயன்படும் ஒரு வரிசை, 1973ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் ஒரு கருக்குழந்தையின் சிறுநீரகத்திலிருந்து தோன்றியது. அக்குழந்தை கருக்கலைப்பினால் இறந்ததா, தானாகக் கலைந்ததா என்பதற்குத் தெளிவான பதிவு இல்லை. அந்த ஐயம் ஒன்றே மனச்சான்றை உறுத்தப் போதுமானது.

இதில் திருச்சபையின் வழிகாட்டல் யாது? திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், 2008ஆம் ஆண்டு, விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ‘டிக்னித்தாஸ் பெர்சோனே’ என்னும் ஏட்டை வெளியிட்டது. தவறான வழியில் பெறப்பட்ட உயிரணுக்களைப் பற்றி அது பேசுகையில், எல்லாருடைய பொறுப்பும் ஒரே அளவினது அன்று என்று பகுத்துக் கூறுகிறது. பிள்ளையின் உடல்நலத்துக்கு ஆபத்து நேரும்போது, அத்தகைய உயிரணுக்களின் துணையால் உருவான தடுப்பூசியைப் பெற்றோர் ஏற்கலாம். ஆனால் மாற்று வழி வேண்டும் என்று கேட்கும் கடமை அவர்களுக்கு உண்டு. ஆய்வாளருக்கோ பொறுப்பு மிகுதி. அத்தகைய பொருளை மறுத்து விலகுவது அவர் கடமை என்கிறது அவ்வேடு.

எனவே நம் பங்குகளில் உயிரியலும் மருந்தியலும் பயிலும் பிள்ளைகளைப் பெற்றோர் அறிவியலிலிருந்து அச்சுறுத்தி விலக்க வேண்டாம். “இந்தப் புரதம் எந்த உயிரணுவில் செய்யப்பட்டது?” என்று கேட்கும் துணிவை அவர்களுக்கு ஊட்டினால் போதும். விற்பனைக்கு வரும் புரதக் குப்பிகளோடு தரப்படும் விவரத் தாளில், அது ஈஸ்டில் விளைந்ததா, பாக்டீரியாவிலா, மனித உயிரணுவிலா என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்கும். படித்துத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. கேட்போர் பெருகினால், மாசற்ற வழியில் செய்வோரும் பெருகுவர். நம் மேனியை முப்புரியால் நெய்தவர், அறிவையும் அன்பையும் மனச்சான்றையும் ஒரே கயிறாய் முறுக்கிக்கொள்ளவே நம்மை அழைக்கிறார்.