இரண்டு நாள் சுவர்

கிராஃபிட்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நள்ளிரவு, முகமூடி, ஓட்டம். ‘வெளிநாட்டில் கிராஃபிட்டிக்காரர்கள் எல்லாம் கூடுகிறார்களாம், வார இறுதிக்குப் போய்வரட்டுமா?’ என்று பிள்ளை கேட்டால், வீட்டில் எழும் முதல் கேள்வி ‘போலீஸ் பிடிக்காதா?’ என்பதாகத்தான் இருக்கும். பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பேச்சுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் வீஸ்பாடன் என்றொரு நகரம். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த பழைய இறைச்சிக்கூட வளாகத்தின் சுவர்களில் 1990களில் ஐரோப்பாவெங்கும் இருந்து ஆட்கள் வந்து வரைந்தார்கள். 1997இல் ‘வால் ஸ்ட்ரீட் மீட்டிங்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் கூடத் தொடங்கினார்கள். வளாகத்தின் கட்டடங்கள் இடிபட்ட பிறகும் கூடும் வழக்கம் நிற்கவில்லை. 2002இல் அதுவே ‘மீட்டிங் ஆஃப் ஸ்டைல்ஸ்’ ஆனது. இப்போது அதே பெயரில் பல நாடுகளில் நடக்கிறது. வீஸ்பாடன் கூடலின் சுவர்கள் மைன்ஸ்-காஸ்டல் என்ற பகுதியில், தியோடர் ஹாய்ஸ் பாலத்தின் அடியில் இருக்கின்றன.

பெயரில் மைன்ஸ் இருந்தாலும் காஸ்டல் வீஸ்பாடன் நகரத்தைச் சேர்ந்தது. 1945இல் ரைன் நதியை எல்லையாக வைத்து, ஒரு கரையை அமெரிக்கப் படையும் மறு கரையை பிரெஞ்சுப் படையும் பிரித்துக்கொண்டன. கிழக்குக் கரையில் மாட்டிக்கொண்ட காஸ்டல் வீஸ்பாடனோடு சேர்ந்து, அப்படியே நின்றுவிட்டது. பாலத்தைத் தாண்டினால் மைன்ஸ். குட்டன்பர்க் அச்செழுத்து வார்த்த ஊர். ‘இசட்.டி.எஃப்.’ தொலைக்காட்சியின் தலைமையகமும் அங்கேதான். நியூயார்க் கிராஃபிட்டியை வைத்து சார்லி ஏஹெர்ன் எடுத்த ‘வைல்ட் ஸ்டைல்’ படத்துக்குப் பணம் போட்டவர்களில் இந்தத் தொலைக்காட்சியும் ஒன்று. 1983இல் அதை ஒளிபரப்பியும் காட்டியது. நியூயார்க்கின் எழுத்து ஜெர்மன் வீட்டுக் கூடங்களுக்குள் நுழைந்த வழிகளில் அது ஒன்று.

இனி போலீஸ் விஷயம். ஜெர்மனியில் சட்டம் கடுமையானது. பிறர் சொத்தின் தோற்றத்தை அனுமதியில்லாமல் குறிப்பிடத்தக்க அளவுக்கு, தற்காலிகமாக அல்லாமல் மாற்றினாலே குற்றம் என்று 2005இல் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவில் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம். ஆகவே கூடலுக்கு ஒதுக்கிய சுவரில் நீங்கள் விருந்தாளி. அங்கிருந்து நாலு எட்டு நடந்து ரயில் நிலையத் தூணில் அதே ஸ்பிரே பெயின்ட் டப்பாவை அமுக்கினால் குற்றவாளி.

அனுமதி என்றால் பயமில்லாமல் வரையலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கையில் கிடைக்கும் பெரிய லாபம் நேரம். கிராஃபிட்டியின் வடிவங்களை எல்லாம் நேரத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். சில நொடி கிடைத்தால் டேக், அதாவது ஒரே இழுப்பில் பெயர். சில நிமிடம் கிடைத்தால் த்ரோ-அப்: உப்பலான எழுத்து, நிரப்ப ஒரு நிறம், ஓரக்கோட்டுக்கு ஒரு நிறம். 1970களில் நியூயார்க்கில் ஒரு சுரங்க ரயில் பெட்டியை முழுக்க வரைய ஓர் இரவே போனது. காஸ்டல் மாதிரி ஒரு பாலத்தடியில் பட்டப்பகலில் இரண்டு மூன்று நாள் முழுசாகக் கிடைக்கிறது. மழையும் அவ்வளவாக நனைக்காது. எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, அம்பும் கொம்பும் முளைத்து, பழகாத கண்ணுக்குப் படிக்கவே முடியாத அளவுக்கு வளர்வது இந்த அவகாசத்தில்தான்.

அந்த நாட்கள் எப்படிக் கழியும்? முதலில் சுவர்ப் பங்கீடு. யாருக்கு எத்தனை மீட்டர், பக்கத்தில் யார், பின்னணி என்ன நிறம் என்று பேசி முடிக்க வேண்டும். நம் ஊரில் தேர்தலுக்கு முன்பு கட்சிக்காரர்கள் சுண்ணாம்படித்து ஆண்டைப் போட்டு, ‘இந்தச் சுவர் எங்களுடையது’ என்று பிடித்து வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். இங்கே சண்டைக்குப் பதில் பேச்சுவார்த்தை. பிறகு போன ஆண்டுப் படத்தின் மேல் உருளையால் எமல்ஷன் பூசி மூடுவார்கள். அதற்கு ‘பஃப்’ என்று பெயர். அதன் மேல் பின்னணியோடு ஒத்துப்போகும் வெளிர் நிறத்தில் எழுத்தின் எலும்புக்கூடு. அப்புறம் உள்நிறங்கள், நிழல். ஓரக்கோடு கடைசிக்கு முந்தைய வேலை. பிசகிய இடத்தைப் பின்னணி நிறத்தாலேயே வெட்டிக் கூராக்குவார்கள். முடிவில் வெள்ளைப் பொட்டுகளாக மினுக்கம்.

நாள் முழுக்க நின்று பார்க்க வேண்டியது கையை. டப்பாவைச் சுவருக்கு ஒட்டினாற்போல் பிடித்து வேகமாக இழுத்தால் கோடு மெல்லியதாக, கூராக விழும். தள்ளிப் பிடித்தால் ஓரம் பொடியாகச் சிதறி, ஒரு நிறம் இன்னொன்றில் கரையும். ஒரே இடத்தில் தயங்கினால் பெயின்ட் வழியும். அதனால் தேர்ந்தவர்கள் மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுப்பார்கள். நீளக் கோட்டுக்கு உடம்போடு சேர்ந்து இரண்டடி நடப்பார்கள். டப்பாவின் தலையில் மாட்டும் பீச்சுமுனைக்குக் கேப் என்று பெயர். ஸ்கின்னி கேப் ஊசிக்கோடு போடும், ஃபேட் கேப் அகலமாக அள்ளி வீசும். வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாக்கி, வெறும் காற்று வரும்வரை அமுக்குவார்கள். அப்போதுதான் கேப் அடைக்காது. ஒரு காலத்தில் கார் பெயின்ட்டையும் ஹார்டுவேர் கடைப் பெயின்ட்டையும் வைத்துச் சமாளித்தார்கள். 1994இல் பார்சிலோனாவில் மொன்டானா கலர்ஸ் தொடங்கி, இந்தக் கலைக்கென்றே டப்பா செய்தபோது நிறங்களும் பெருகின, அழுத்தமும் கைக்கு அடங்கியது.

போகிறவர்கள் பெயின்ட்டை மூட்டை கட்டவே கூடாது. தீப்பற்றும் வாயு அடைத்த பெயின்ட் டப்பாவுக்கு விமானத்தில் கைப்பையிலும் இடமில்லை, சரக்குப் பெட்டியிலும் இடமில்லை. போன இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கொண்டுபோக வேண்டியவை பிடித்த கேப்கள், நைட்ரைல் கையுறை, ஓவிய நோட்டு, நல்ல முகக்கவசம். துணி மாஸ்க்கும் மருத்துவமனை மாஸ்க்கும் தூசியோடு சரி. கரைப்பான் ஆவியைத் தடுக்க, பழுப்புப் பட்டை போட்ட ‘ஏ’ வகை வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும்.

நம் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்பு கொடுத்துவிட வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடும் கேட்பார்கள். வரையப் போகிறவர்கள் தங்கள் படங்களை அனுப்பி ஏற்பாட்டாளர்களிடம் முன்பே சுவர் கேட்டு, அழைப்புக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து எஸ்9 ரயில் ஏறினால் மைன்ஸ்-காஸ்டலிலேயே இறக்கிவிடும். நிலையத்திலிருந்து பாலம் நடை தூரம்தான்.

மரியாதை என்று சில உண்டு. வரைந்துகொண்டிருப்பவரின் முகத்தைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். சுவரைப் பிடியுங்கள், ஆளைப் பிடிக்க வேண்டாம். பலருக்கு முகமும் பெயரும் ஒட்டாமல் இருப்பதே பாதுகாப்பு. இன்னொருவர் வேலையின் மேல் ஒரு கோடும் போடக்கூடாது. அப்படி மூடுவதென்றால் அதைவிட நன்றாக வரைய வேண்டும் என்பது பழைய சட்டம். அடுத்தவர் பாணியைத் திருடுவது பெரிய இழுக்கு. ஆனால் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் தாராளமாகச் சொல்லுவார்கள். உங்கள் நோட்டை நீட்டுங்கள், ஒரு பக்கத்தில் வரைந்து கொடுப்பார்கள். ‘பிளாக்புக்’ என்கிற அந்த நோட்டுதான் அங்கே விசிட்டிங் கார்டு.

வரையப் போகும் நம் பிள்ளைக்கு ஒரு யோசனை. ஐரோப்பியச் சுவரில் பார்ப்பதில் பெரும்பகுதி ரோமன் எழுத்து. நிமிர்ந்த தண்டையும் குறுக்குச் சட்டத்தையும் வளைத்து வளைத்தே அந்தப் பாணிகள் பிறந்தன. தமிழில் க, ட போன்றவற்றுக்கு நேர்க்கோடு உண்டு. ண, ழ, ஞ எல்லாம் சுழியும் கொக்கியும். அம்பு முளைக்க ழகரத்தின் வால் ஒன்றே போதும். புள்ளி தனியாக மிதக்கும், அதை எங்கே கட்டுவது என்பது தீர்க்கவேண்டிய சிக்கல். நான்கைந்து எழுத்துக்கு மேல் போகாத பெயராகத் தேர்ந்தெடுத்து, நோட்டில் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

இவ்வளவு பாடுபட்டு வரைந்த படம் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பீர்கள். அடுத்த கூடலுக்கு உருளை வரும்வரை நிற்கலாம், அதற்கு முன்பே வேறொருவர் மூடவும் செய்யலாம். முடித்த அன்றே வெளிச்சம் இருக்கும்போது நேராக நின்று படம் எடுத்துக்கொண்டுவிட வேண்டும். இப்படி அழியும் என்று தெரிந்தும் விமானம் ஏறி வருகிறார்கள் என்றால், தேடி வருவது சுவரை மட்டுமல்ல என்று புரியும். அவசரமில்லாமல் வரையும் ஐம்பது கைகளை ஒரே பாலத்தடியில் வேறெங்கே பார்க்க முடியும்?

விசாவும் டிக்கெட்டும் இப்போது கட்டுப்படியாகவில்லை என்றால் பரவாயில்லை, உள்ளூரிலேயே தொடங்கலாம். தமிழ்நாட்டிலும் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் இங்கேயும் முதல் படி அதேதான்: சுவருக்குச் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி, இரண்டு நாள் அவகாசம், கூட வரைய நாலு பேர். அதில் கை பழகியவர் ரைன் கரைக்குப் போகும்போது வேடிக்கை பார்ப்பதோடு திரும்ப மாட்டார், சுவர் கேட்டு வாங்குவார்.