மரம் தரும் தீவனம்... மாடு விதைக்கும் மரம்!

உங்களுக்கு ஒரு புதிர்!

ஒரே ஒரு நிலம். அதில் மரங்கள் உண்டு. ஆனால், தோப்பு இல்லை. புல் உண்டு, ஆனால், வெறும் புல்வெளி இல்லை. மாடும், ஆடும் உண்டு. ஆனால், தொழுவம் இல்லை. சுற்றிலும் வேலி உண்டு. அந்த வேலியில் இலை துளிர்க்கும்! அது என்ன?

விடை தெரியவில்லையா? அதுதான், 'கொறங்காடு!'

திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் பஸ்சில் போனால், ஜன்னல் வழியே நன்றாகப் பாருங்கள். முள்வேலிக்குள் அங்கொன்றும், இங்கொன்றுமாக மரங்கள்... கீழே காய்ந்த புல்... நடுவில் நான்கைந்து மாடுகள். கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களிலும் சில இடங்களில் இதைக் காணலாம். 'இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே' என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பர். ஆனால், அது சும்மா கிடக்கும் நிலம் இல்லை குட்டீஸ்... ஒவ்வொரு நாளும் வேலை செய்யும் நிலம்!

மழை குறைந்த மண்

தென்மேற்குப் பருவக் காற்று கொண்டு வரும் மழையை, மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து, தன் மேலேயே பெய்ய வைத்து விடுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் இந்தப் பகுதிக்குக் காற்று மட்டும்தான் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையைத்தான் இவர்கள் பெரிதும் நம்ப வேண்டும். மழை பொய்த்தால், விதைத்த பயிர் கருகி விடும்.

இந்த ஊர் விவசாயிகள் யோசித்தனர். 'கொஞ்சம் மழை பெய்தாலும் முளைக்கும் புல், மழையே இல்லாவிட்டாலும் நிற்கும் மரம், இரண்டையும் தின்று வாழும் கால்நடை... மூன்றையும் ஒரே நிலத்தில் வைத்தால் என்ன?' அப்படித் தலைமுறை தலைமுறையாக உருவானதே கொறங்காடு.

உயிருள்ள வேலி

முதலில் வேலி. முள்ளுக்கிளுவைக் குச்சிகளை வெட்டி, மண்ணில் வரிசையாக ஊன்றுவர். குச்சி வேர் பிடித்துத் துளிர்க்கும். நாளடைவில் ஆடு கூட நுழைய முடியாதபடி அடர்ந்து விடும். இந்த வேலி துருப்பிடிக்காது. விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். பறவை, ஓணான், அணில் எல்லாம் அதில் குடியிருக்கும். வேலிக்குள் மாட்டை விட்டு விட்டால், நாள் முழுக்க ஆள் நின்று மேய்க்க வேண்டியதும் இல்லை.

இரண்டு நிலங்களின் வேலிகளுக்கு நடுவே போகும் மண் பாதைக்கு, கொங்குப் பகுதியில், 'இட்டேரி' என்று பெயர்.

கடிக்கக் கடிக்க வளரும்!

அடுத்தது, கொழுக்கட்டைப் புல். இது கோடையில் காய்ந்து செத்தது போலத் தெரியும். ஆனால், வேர் மண்ணுக்குள் ஆழத்தில் உயிரோடு இருக்கும். ஒரு நல்ல மழை போதும்... பச்சைப் பசேல் என்று எழுந்து விடும்!

மாடு இத்தனை கடித்தும் புல் ஏன் சாவதில்லை தெரியுமா? உங்கள் நகத்தை வெட்டினால் மறுபடியும் வளர்கிறது அல்லவா? நகம் வளர்வது நுனியில் இல்லை, அடியில். புல்லும் அப்படித்தான். அதன் வளரும் பகுதி தரையை ஒட்டி இருக்கிறது. மாடு நுனியைத்தான் கடிக்கிறது.

ஆனால், விடாமல் மேய்ந்தால் எந்தப் புல்லும் தோற்றுப் போகும். அதனால், நிலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, தனித்தனியாக வேலி போட்டிருப்பர். ஒரு துண்டில் சில நாட்கள் மேய்ந்ததும், மாடுகளை அடுத்த துண்டுக்கு மாற்றுவர். முதல் துண்டுக்கு ஓய்வு... நமக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரி!

வெள்வேல மரம்

'மரம் இருந்தால் நிழல் விழுந்து புல் வளராதே?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. கொறங்காட்டில் நிற்பது வெள்வேல மரம். இதன் இலைகள் மிகச் சிறியவை. அவற்றின் இடையே வெயில் சல்லடையில் விழுவது போலக் கீழே இறங்கும். புல்லுக்கும் வெளிச்சம், மாட்டுக்கும் நிழல்!

கோடையில் புல் தீர்ந்து போகும்போது, வெள்வேலங்காய்கள் முற்றி விழும். ஆடு, மாடுகள் அவற்றை விரும்பித் தின்னும். விதைகள் எல்லாம் செரிப்பதில்லை. சில, சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வரும். மழை பெய்ததும், எருவோடு சேர்ந்து விழுந்த அந்த விதை முளைக்கும். மரம் மாட்டுக்குச் சோறு போடுகிறது. மாடு மரத்துக்கு விதை போடுகிறது. நல்ல நட்பு அல்லவா?

சீமைக் கருவேலம் வேறு, வெள்வேலம் வேறு குட்டீஸ்... குழப்பிக் கொள்ளாதீர்கள். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. அதன் பூ நீளமான கதிர் போல இருக்கும். வெள்வேலம் நம் மண்ணின் மரம்; பட்டை வெளுத்திருக்கும்; பூ குட்டிக் குட்டிப் பந்து போல இருக்கும்.

நிறம் மாறும் கன்று

இந்தப் புல்லைத் தின்று வளர்ந்தவைதான் புகழ் பெற்ற காங்கயம் மாடுகள். பிறக்கும்போது கன்று சிவப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறி விடும்! காளையாக வளர்ந்ததும், திமில் கறுத்து விடும். வெயிலுக்கு அஞ்சாமல் உழவும், வண்டி இழுக்கவும், கிணற்றில் கவலை இறைக்கவும் இவை உதவின.

பிறகு டிராக்டர் வந்தது, பம்புசெட் வந்தது, அதிகப் பால் தரும் கலப்பினப் பசுக்கள் வந்தன. காங்கயம் மாடுகளின் எண்ணிக்கை சரிந்தது. 2017ல் ஜல்லிக்கட்டுக்காக நடந்த போராட்டத்தின்போதுதான், நாட்டு மாடுகளைப் பற்றி நகரத்துப் பிள்ளைகளும் பேசத் துவங்கினர்.

மாட்டை மட்டும் காப்பாற்றினால் போதுமா? கொறங்காடு இல்லை என்றால், தீவனம் முழுவதையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். மாடு இல்லை என்றால், 'இந்தக் காடு எதற்கு?' என்று தோன்றும். மனையாக விற்கத் தோன்றும். ஒன்று போனால், மற்றதும் போய் விடும். பல ஆண்டுகள் வளர்ந்த கிளுவை வேலியை, ஒரு பொக்லைன் ஒரே நாளில் பிடுங்கி விடும். திரும்ப வளர்க்க, மீண்டும் பல ஆண்டுகள் ஆகும்.

ஸ்பெயினிலும் உண்டு!

ஸ்பெயின் நாட்டில் இதே போன்ற நிலங்களுக்கு, 'தெஹேசா' என்று பெயர். அங்கு ஓக் மரங்களின் கீழே ஆடு, மாடு, பன்றிகள் மேய்கின்றன. ஓக் மரத்தின் கொட்டைகளைத் தின்று பன்றிகள் கொழுக்கின்றன. ஸ்பெயின் விவசாயியும், மூலனூர் விவசாயியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால், வறண்ட நிலம் இருவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது!

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், இட்டேரியில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். அங்கே இருக்கும் தாத்தாவிடம், 'இந்த மரம் உங்க சின்ன வயசிலயும் இருந்துச்சா?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை நோட்டில் எழுதி வையுங்கள். வேலியில் கையை மட்டும் வைத்து விடாதீர்கள்... முள் குத்தும்!