வயலோரமும் பிடியரிசியும்: விவிலியம் காட்டும் கொடை

ஒப்பிலக்கிய வகுப்புகளில் விவிலியத்தின் கொடைச் சிந்தனையைத் திருக்குறளின் 'ஈகை' அதிகாரத்தோடு இணைத்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இவ்விணைப்பு முற்றிலும் பிழையன்று. ஆயினும், விவிலியத்தில் கொடை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அது மறைத்துவிடுகிறது. கிறித்தவ இல்லங்களில் நாள்தோறும் நிகழும் கொடையை விளங்கிக்கொள்ள முதலில் வயலுக்குச் செல்ல வேண்டும்.

அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றாக அறுத்தல் ஆகாது என்று லேவியராகமம் (19:9-10) விதிக்கின்றது. மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லலாகாது என்கிறது உபாகமம் (24:19). அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை. ஈவார், இரப்பார் என இருவர் எதிரெதிரே நிற்கும் காட்சி இங்கு இல்லை என்பது கருதத்தக்கது. ஏழை கையேந்துவதில்லை, தம் உழைப்பால் பொறுக்கிக்கொள்கிறார். மோவாபியப் பெண்ணாகிய ரூத், போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இம்முறைப்படியே ஆகும். ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலாகிய மிஷ்னா, இவ்வயலோரத்திற்கென்றே 'பேயா' என்னும் தனிப்பகுதியை ஒதுக்கி, விடவேண்டிய பங்கு அறுபதில் ஒன்றுக்குக் குறையலாகாது என வரையறுக்கின்றது. அதனினும் நுட்பமான விதி ஒன்றும் அங்குண்டு. ஓர் ஏழையைப் பொறுக்கவிட்டு மற்றொருவரைத் தடுக்கும் உரிமையாளர், ஏழைகளின் பொருளைக் கொள்ளையிட்டவராகவே கருதப்படுகிறார். தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கொடுப்பவரிடம் விடப்படவில்லை.

'செதாக்கா' என்னும் எபிரேயச் சொல் நீதியைக் குறித்தது. பிற்காலத்தில் ஏழைக்கு இடுவதையும் குறிக்கலாயிற்று. மத்தேயு 6:1இல் பழைமையான கிரேக்கப் படிகள் 'நீதி' என்னும் சொல்லையும், பிற்காலப் படிகள் பல 'ஏழைக்கு இடுதல்' என்னும் சொல்லையும் கொண்டிருப்பது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தமிழ் விவிலியம் ஆண்ட 'தர்மம்' என்னும் சொல் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்குவது நற்பேறு எனலாம். பேச்சு வழக்கில் அது கையேந்துவோர்க்கு இடும் சில்லறையாகச் சுருங்கிவிட்டது வேறு கதை.

குறளில் 'ஈகை'யை அடுத்துப் 'புகழ்' அதிகாரம் வருகின்றது; அதன் முதற்குறளே ஈதலையும் புகழையும் பிணைக்கின்றது. மத்தேயு 6:3 இப்பிணைப்பையே அறுக்கின்றது. வலக்கை செய்வதை இடக்கையும் அறியலாகாது. ஆகவே, விவிலியத்திற்கு நெருங்கியது 23ஆம் அதிகாரமாகிய 'ஈகை'யன்று, 22ஆம் அதிகாரமாகிய 'ஒப்புரவறிதல்' என்பதே என் கருத்து. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் பொருள் திரட்டியபோது (2 கொரி. 8:13-14) முன்வைத்த அடிப்படையும் இரக்கம் மட்டுமன்று, சமநிலையுமாகும். இதே 'ஒப்புரவு' என்னும் சொல் தமிழ்க் கிறித்தவ வழக்கில் பகை நீங்கி இணங்குதலைக் குறிக்கின்றது என்பதை மாணவர்க்கு முன்கூட்டியே உணர்த்துதல் நலம்.

வயலில்லாதார்க்கு ஓரம் ஏது? வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கேற்ப ஒரு பகுதியை எடுத்துவைக்குமாறு பவுல் பணித்தார் (1 கொரி. 16:2). செலவு போக எஞ்சியதைத் தருவதன்று இது, முன்னரே ஒதுக்குவது. மிசோராமின் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து வருகின்றனர். சேரும் அரிசி வீடுதோறும் திரட்டப்பட்டு, விற்கப்பட்டு, அருட்பணிக்குப் பயன்படுகின்றது. அடுக்களையின் வயலோரம் இது. பெருஞ்செல்வம் வேண்டாத, வறியவரும் கொடையாளராகும் முறை என்பதே இதன் சிறப்பு.

எனினும், ஒரு வேறுபாட்டைக் காணாதிருத்தல் கூடாது. வயலோரத்திற்கும் ஏழைக்கும் இடையே இடையீட்டாளர் எவருமில்லை. பிடியரிசியோ சபையின் கைக்குச் செல்லும் காணிக்கை; அது ஏழையின் கலத்தைச் சென்றடைவது நிருவாகத்தைப் பொறுத்தது. தசமபாகம் குறித்த அருளுரைகள், நான் கேட்டறிந்தவரை, பெரிதும் மல்கியாவையே (3:10) சான்று காட்டுகின்றன. அங்கு அது ஆலயப் பண்டசாலைக்குக் கொண்டுவரப்படுகின்றது. உபாகமத்தின் (14:28-29) மூன்றாம் ஆண்டுத் தசமபாகமோ ஆலயத்திற்குச் செல்வதேயில்லை. அது அவரவர் ஊரிலேயே வைக்கப்படுகின்றது. லேவியர், அந்நியர், திக்கற்ற பிள்ளைகள், கைம்பெண்கள் ஆகியோர் அங்கேயே வயிறார உண்பதற்காக.