ஆராய்ச்சிக்கு வயது உண்டோ?

ஆராய்ச்சி என்றவுடன் நரைத்த தலையும், மூக்குக் கண்ணாடியும், பூட்டிய அறையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பி.எஸ்ஸி. வகுப்பில் பயிலும் பிள்ளைக்கும் ஆராய்ச்சிக்கும் தொடர்பு யாது என்று கேட்பவரே நம்முள் பலர். ‘பொறியியலில் இடம் கிடைக்கவில்லையா?’ என்று அப்பிள்ளையிடம் இரக்கத்தோடு வினவுவாரும் உளர். இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதற்குப் பெங்களூரின் மல்லேஸ்வரத்தைவிடத் தக்க இடம் வேறில்லை.

1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியபின் மக்கள் பெருகிக் குடியேறிய பகுதி இது. இதனை அடுத்து, 1909-இல் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கழகம் அமைந்துள்ளது. 1933-இல் அதன் இயக்குநராக வந்தவர் சர் சி. வி. இராமன். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த அவர், பின்னர் மல்லேஸ்வரத்தில் ‘பஞ்சவடி’ என்னும் இல்லத்துக்கு உரியவரானார். பிறந்த மண்ணைவிட்டு வேற்றூரில் வாழும் நமக்கு அவர் நெருங்கியவர் அன்றோ?

அவருடைய முதல் ஆராய்ச்சி எங்கே தொடங்கியது? சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவர் கூடத்தில்! முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை நிறமாலைமானியால் அளப்பது எல்லா மாணவர்க்கும் உரிய பயிற்சி. அதன் முகத்தில் ஒளி மிகச் சாய்வாக விழும்போது தோன்றும் ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒத்திராமையை இராமன் கண்டார். பிறர் ‘கருவியின் பிழை’ என்று விட்டிருக்கக் கூடிய ஒன்றை, அவர் ‘ஏன்?’ என்று கேட்டார், மீண்டும் மீண்டும் அளந்தார், கணக்கிட்டார், எழுதினார். அக்கட்டுரை 1906-இல் இங்கிலாந்தின் ‘பிலசாபிகல் மாகசீன்’ இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை பதினெட்டு.

மாணவர் ஆராய்ச்சி என்பது இவ்வளவே. பெருங்கருவிகள் வேண்டுவதில்லை, விடை தெரியாத ஒரு சிறு வினாவும், அதை அளந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும். பாடநூற் சோதனையில் விடை முன்னரே தெரியும், ஆராய்ச்சியில் தெரியாது. வேறுபாடு இதுதான்.

ஆயினும், ஆராய்ச்சி சோறு போடுமா என்னும் கவலை அன்றும் இருந்தது. இராமன் 1907-இல் அரசாங்க நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். அங்கே, மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் இருந்தது. பொதுமக்களுக்கு அறிவியற் சொற்பொழிவுகள் நடத்திவந்த சங்கம் அது. அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதை இராமன் அங்கேயே கழித்தார். 1928 பிப்ரவரி 28-இல் ‘இராமன் விளைவு’ அச்சங்கத்தில்தான் கண்டறியப்பெற்றது. மக்கள் வந்து அமர்ந்து கேட்கும் மன்றமும் ஆராய்ச்சிக் கூடமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

அதே 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். கேட்டோருள் ஒருவர், இராமனின் தமையனார் மகனும் பட்டப்படிப்பு மாணவருமாகிய சந்திரசேகர். அவர் அறிஞரை நேரிற் கண்டு உரையாடினார். தாம் படித்த இயற்பியல் பழையதாகிவிட்டதென அறிந்தார். புதியதைத் தாமே கற்றுக் கட்டுரை எழுதினார். 1929-இல் இலண்டன் அரச கழகம் அதை வெளியிட்டது. தந்தையாரோ மகன் அரசுப் பணிக்குச் செல்வதையே விரும்பினார். அம்மகனுக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சொற்பொழிவு ஒரு மாணவரை ஆராய்ச்சியில் இறக்கிய வரலாறு இது.

இன்று வழிகள் பெருகியுள்ளன. இந்திய அறிவியல் கழகத்தில் 2011 முதல் நான்காண்டு இளநிலைப் படிப்பு நடைபெறுகிறது. இறுதியாண்டில் மாணவர் ஆராய்ச்சியில் ஈடுபடுகின்றனர். இராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியற் கலைக்கழகம், வேறிரு கலைக்கழகங்களோடு இணைந்து, கோடைக்காலத்தில் மாணவர்க்கு உதவித்தொகையுடன் ஆராய்ச்சிப் பயிற்சி அளிக்கிறது. சவாகர்லால் நேரு கோளரங்கத்தில் வார இறுதி வகுப்புகள் உண்டு. அங்கேயே, கோட்பாட்டு அறிவியல்களுக்கான பன்னாட்டு மையம் ‘காப்பி வித் கியூரியாசிட்டி’ என்னும் பொழிவுகளை நடத்திவருகிறது. கட்டணம் இல்லை, பட்டமும் கேட்பதில்லை. அண்டம், உயிர், கணிதம் ஆகியவற்றைப்பற்றி வல்லுநர் எளிமையாகப் பேசுவர், கேட்போர் வினவுவர்.

எல்லாரும் இராமனாக முடியாது. எடுத்த ஆராய்ச்சியெல்லாம் வெற்றி பெறுவதும் இல்லை. எனினும், தவறிய அளவை ஒளிக்காமல் எழுதப் பழகிய இளைஞர் எத்தொழிலிலும் நன்கு நிற்பர்.

இத்தகைய மன்றங்களில் வழங்கும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். அதனால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டுவதில்லை. பிள்ளைகளோடு நாமும் செல்வோம். வீடு திரும்பியதும், கேட்டதைப் பாட்டிக்குத் தமிழில் விளக்குமாறு அவர்களிடம் கூறுவோம். விளக்க இயலாத இடத்தில் அவர்களுக்கு ஐயம் பிறக்கும்; ஐயம் பிறந்த இடத்தில் ஆராய்ச்சி தொடங்கும். வேற்றூரில் வளரும் பிள்ளைகளிடம் நம் மொழியும் அதனால் வளரும்.