எலும்பு கூடும் காலம்

பைபாஸ் அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர் காரிலிருந்து இறங்கும்போது, பெரும்பாலும் மார்போடு ஒரு தலையணையை அணைத்திருப்பார். வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் உடனே அவர் கையைப் பிடித்துத் தூக்கி இறக்கப் பார்ப்பார்கள். அன்பால் செய்கிற காரியம்தான், ஆனால் அப்போது செய்யவே கூடாதது அது.

இதயத்தை எட்டுவதற்காக நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக நடுவில் அறுத்துத் திறக்கிறார்கள். வேலை முடிந்ததும் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஸ்டீல் கம்பிகளால் கட்டுகிறார்கள். கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்செலும்பை அப்படி நிறுத்திவைக்க வழியில்லை. மூச்சு விட்டாக வேண்டுமே! நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்றால் ஒரு நாளைக்கு 21,600 முறை மார்புக்கூடு விரிந்து சுருங்குகிறது. அவ்வளவு அசைவுக்கு நடுவில்தான் அறுத்த எலும்பு கூடுகிறது. முதலில் விளிம்புகளுக்கிடையே ரத்தம் உறைகிறது. பிறகு அந்த இடத்தில் நார்த்திசு வளர்கிறது. அதில் எலும்பு செல்கள் குடியேறி, சுண்ணாம்புச் சத்துப் படிந்து, மெல்ல மெல்ல இறுகுகிறது. ஓரளவு உறுதி வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முழு வலிமைக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை கம்பிகள் தாங்குகின்றன. அதன்பின் அவற்றுக்கு வேலை இல்லை என்றாலும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க உள்ளேயே இருந்துவிடுகின்றன.

இப்போது கையைப் பிடித்து இழுப்பதற்கு வருவோம். மார்பின் பெரிய தசைகள் நெஞ்செலும்பில் தொடங்கி மேல்கையில் போய் முடிகின்றன. வலக்கையை இழுத்தால் எலும்பின் வலப்பாதி வலப்பக்கம் இழுபடும், இடக்கைக்கும் அப்படித்தான். ஆகவே தண்ணீர் நிறைந்த வாளி, குக்கர், இறுகிக்கொண்ட பீரோ கதவு, பஸ்ஸின் மேல்கம்பி, ஸ்கூட்டர் எதுவும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். பேரக் குழந்தையைத் தூக்குவதும் கூடாது. பக்கத்தில் உட்காரவைத்துக் கொஞ்சலாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டபடி எழ வேண்டும். உதவுகிறவர் முதுகுக்குப் பின்னால் கைகொடுத்துத் தாங்கினால் போதும்.

இருமலும் தும்மலும் மார்பை உள்ளிருந்து வெளியே தள்ளுகின்றன. தலையணையை இறுக அணைத்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தாங்கல் கிடைக்கிறது, வலி குறைகிறது. வலிக்குமே என்று இருமாமலே இருந்துவிட முடியாது. அறுவையின்போது சுருங்கிக் கிடந்த நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் திறந்தாக வேண்டும்; சளி வெளியேறியாக வேண்டும். மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் மூன்று பந்துக் கருவி அதற்குத்தான். பலர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துப் பந்துகளை எழுப்ப வேண்டும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது காலிலிருந்து எடுத்த சிரையின் கதை. அர்ஜென்டினாவில் பன்னிரண்டு ஆண்டு கிராமத்து மருத்துவராக இருந்த ரெனே ஃபவலோரோ, 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், அடைபட்ட இதயத் தமனிக்குக் கால் சிரையால் மாற்றுவழி அமைத்தார். இந்தியாவில் முதல் பைபாஸ் அறுவை 1975இல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், கே. எம். செரியன் கையால் நடந்தது. சிரைக்குள் ரத்தம் ஒரு திசையில் மட்டும் போக அனுமதிக்கும் குட்டிக் கதவுகள் உண்டு. அவை வழிமறிக்காதிருக்கச் சிரையைத் தலைகீழாகத் திருப்பித் தைக்கிறார்கள். அதுவரை மெதுவான ஓட்டத்தையே கண்டிருந்த அந்த மெல்லிய குழாய், தமனியின் துடிப்பையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டிவருகிறது. வாரக்கணக்கில் தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு அது தமனியின் வேலையைப் பழகிக்கொள்கிறது. தடிப்பு அளவு மீறினாலோ கொழுப்புப் படிந்தாலோ புது வழியும் அடைபடும். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று மாத்திரையைத் தானே நிறுத்தக் கூடாதென்பதும் சிகரெட்டை அறவே விட வேண்டுமென்பதும் இதனால்தான்.

சிரையை இழந்த கால் சில வாரம் வீங்கும். கணுக்காலின் உட்புறம் மரத்ததுபோல் இருக்கும். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கலாம். அதோடு நடக்க வேண்டும். ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் அசையாமல் படுக்கவைத்தார்கள். 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் அப்படிப்பட்ட நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்ததைப் பற்றி எழுதிய பிறகு அந்தப் பழக்கம் தளரத் தொடங்கியது. இன்று அறுவை முடிந்தவர்களையும் சில நாளிலேயே நடக்கவைக்கிறார்கள். வீட்டுக்குள் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டலாம். நடக்கும்போதே பேச முடிந்தால் வேகம் சரி.

தினமும் காலையில், சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதையல்ல, உடலில் தங்கிய ஒரு லிட்டர் தண்ணீர். கால் வீக்கம் கண்ணில் படுமுன்பே தராசு அதைக் காட்டிவிடலாம். அப்பளம், ஊறுகாய், கருவாடு இவற்றின் உப்பு அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். எடை இப்படி ஏறினாலோ, காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், மூச்சுத்திணறல், தாறுமாறான படபடப்பு, நெஞ்செலும்பில் ‘க்ளிக்’ என்ற சத்தம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனையை அழையுங்கள்.

இன்னொன்றையும் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். காரணமில்லாமல் அழுகை வரலாம். நாக்குக்கு ருசி தெரியாது, தூக்கம் துண்டுதுண்டாகும், பெயர்கள் மறக்கும். ‘பயந்துட்டார்’ என்று சொல்லாதீர்கள். இது இந்த அறுவைக்குப் பின் பலருக்கும் வருவது, பெரும்பாலும் சில வாரங்களில் தணிவது. தணியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்கும் சிகிச்சை உண்டு. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

இரண்டு, மூன்று மாதம் போயிருக்கும். ஒரு நாள் தாளிக்கும் நெடிக்கு அவர் பலமாகத் தும்முவார். தும்மி முடித்த பிறகுதான், தலையணை கட்டிலிலேயே கிடப்பது அவருக்கு நினைவு வரும்.